சுண்ணாம்பு படாத சரிவு

சுரங்க ஊரான சட்பரியின் குன்றுகள் அப்போது கரியாய்க் கிடந்தன. தலைமுறை தலைமுறையாக, செம்பும் நிக்கலும் உருக்கும் உலைகளின் புகை தின்ற பாறை. புகையைத் தூரத்துக்கு அனுப்ப வானளாவிய புகைபோக்கி கட்டிய பிறகும் அங்கே ஒரு புல் முளைக்கவில்லை.

புல் முளைக்க வைக்கப் போன கூட்டத்துக்கு ஹெல்வி தலைவி. எல்லாரும் உலையில் வேலை போனவர்கள். சுண்ணாம்புத் தூள் மூட்டையைத் தோளில் சுமந்து ஏறி, கையால் வீசி, அதன்மேல் விதை தூவ வேண்டும். அடுத்த ஜூனில் நகராட்சியிலிருந்து டன்கன் பார்க்க வருவார். பச்சை தெரியாவிட்டால் வேலை நின்றுவிடும்.

“புகைதான் போயிடுச்சே ஹெல்வி, இந்த மாவு எதுக்கு? ரொட்டியா சுடப்போறோம்?” என்றான் கூட்டத்திலிருந்த ரொசேர்.

“புகை போச்சு. அது மண்ணுல விட்ட புளிப்பு போச்சா? அந்தப் புளிப்புலதான் செம்பும் நிக்கலும் கரைஞ்சு வேரைத் தின்னுது. ஒண்ணுன்னா செடி தாக்குப்பிடிக்கும். ரெண்டும் கூட்டு சேர்ந்தா எங்க தாங்கும்? சுண்ணாம்புதான் அந்தப் புளிப்பை முறிக்கும்.”

“சரிங்க டாக்டரம்மா.”

சொன்னானே தவிர, மூட்டைகளைப் பாறையிடுக்கில் ஒளித்துவிட்டு, தன் பங்குச் சரிவில் வெறும் விதையைத் தூவினான். முப்பது வருடம் புகையையே பகையாய்ப் பார்த்தவன். மண்ணைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மறு வசந்தத்தில் குன்றெல்லாம் பச்சை. அவன் சரிவு மட்டும் வழுக்கை. ஹெல்வி திட்டாத திட்டில்லை. டன்கனை வேறு பக்கமாய் ஏற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

வந்தவர் பச்சையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “போன வருஷம் நல்ல மழை. மழைக்கு எங்கயும்தான் முளைக்கும்.”

ரொசேர் தொப்பியைக் கழற்றினான்.

“ஐயா, இப்படி வாங்க. இது என் சோம்பேறித்தனம். அதே மழை, அதே விதை. சுண்ணாம்பு மட்டும் நான் போடல.”

அந்த வழுக்கையில் தப்பியிருந்த ஒரே புல்லை டன்கன் பிடுங்கினார். வேர் கருகி, நுனி மழுங்கி, கட்டைவிரலளவுகூட இல்லை. ஓரடி தள்ளி, சுண்ணாம்பு பட்ட மண்ணில் ஒன்றைப் பிடுங்கினார். வெள்ளை வெளேரென்ற வேர், குழந்தையின் தலைமுடிபோல மெல்லியதாய், வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இரண்டு இலையோடு ஏதோ நிற்பதைக் கண்டு அவர் மண்டியிட்டார்.

“இது என்ன? பிர்ச் மரக்கன்னு மாதிரி இருக்கே. யார் நட்டது?”

“யாரும் நடல,” என்றாள் ஹெல்வி. “காத்துல வந்த விதை. இந்த மண்ணு ஒத்துக்கும்னு தெரிஞ்சதும் அதுவா குடிவந்துடுச்சு.”

எந்தக் காற்று கொன்றதோ, அதே காற்றுதான். டன்கன் அந்த இரண்டு இலையை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“எதிர்க் குன்றை எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்றபடி எழுந்து காலை எடுத்து வைத்தார்.

“ஐயா, காலு! காலு!” என்று ரொசேர் கத்தினான். “அங்க இன்னொண்ணு நிக்குது!”