போர்வைக்குள் நீலப் பொறி

என் மனைவிக்குப் புது வேலை கிடைத்திருந்தது. வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் வேலை. ஒரே நிபந்தனை, கார் லைசென்ஸ். டிரைவிங் டெஸ்ட் இன்று பதினோரு மணிக்கு, எங்கள் சொந்தக் காரில். தவறவிட்டால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம். அதுவரை வேலை அவளுக்காக வாசலில் நிற்காது.

மணி ஒன்பதரை. வெளியே விடாத தூறல். கார் உறுமியது, இருமியது, பொசுக்கென்று அணைந்தது.

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?" என்றாள் மனைவி.

நான் வானத்தை ஆராய்ச்சி செய்தேன். நேற்று மாலை அவள் தலை மறைந்ததும் பைப்பைப் பிடித்து எஞ்சினைக் குளிப்பாட்டிய மகான் நான்தான். பானெட்டைத் திறந்தால் டெஸ்ட் அதிகாரி பளபளப்பில் மயங்க வேண்டுமென்று ஆசை. எந்த அதிகாரி பானெட்டைத் திறக்கிறார்? அந்தக் கேள்வி இன்று காலைதான் உதித்தது.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள். ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், பழைய கார் என்றால் உயிர். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு வந்து இறங்கினான்.

"ஈரத்துல மட்டும் மக்கர் பண்ணுதா மாமா? அப்போ கரண்ட் லீக்கு. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி வழியிலயே எங்கயோ குதிக்குது. இருட்டுல பாத்தா பளிச்சுனு தெரியும்."

"காலங்காத்தால இருட்டுக்கு எங்க மச்சான் போறது?"

"போர்வை எடுத்துட்டு வாங்க."

திறந்த பானெட்டின் மேல் இரட்டைப் போர்வை. அதற்குள் நாங்கள் இரண்டு பேர்.

"கையைப் பின்னால கட்டிக்கோங்க. ஃபேன் சுத்தும்."

பள்ளிக்கூடத்தில் வாங்காத தண்டனை பாக்கியிருந்தது போலும், கட்டிக்கொண்டேன். அவன் பாட்டிலை இரண்டு முறை பீய்ச்சினான். "அக்கா, சாவியைத் திருப்பு!"

டிக், டிக், டிக். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கு பிரிக்கும் கறுப்பு மூடியின் மேல் நூல் மாதிரி ஒரு நீல வெளிச்சம் ஓடியது. பூரான் போல நெளிந்து இரும்பில் பாய்ந்தது.

"அதோ! அதோ!" என்று துள்ளியதில் பானெட் மண்டையில் இறங்கியது. வலிக்கவே இல்லை. அப்படியொரு அழகு!

மூடியைக் கழற்றினான். வெளியே மயிரிழை விரிசல், அதில் கரிக்கோடு. உள்ளே சொட்டுச்சொட்டாக ஈரம்.

"தூறல் இவ்ளோ உள்ள போகாதே மாமா?"

"நான்தான்டா... நேத்து... கழுவினேன்." கிசுகிசுத்தேன்.

போர்வைக்குக் காது இல்லை, என் மனைவிக்கு உண்டு. "அதை அப்புறம் வச்சுக்கறேன்," என்றது ஸ்டியரிங் பக்கமிருந்து குரல். "இப்ப என்ன வேணும், அதைச் சொல்லு."

"ஹேர் டிரையர், பிளேடு, நெயில் பாலிஷ்."

பிளேடால் கரியைச் சுரண்டினான். நான் டிரையர் பிடித்தேன். அந்த வேலையாவது நம்பிக் கொடுத்தார்களே. பொறி மறுபடி கசியாதபடி விரிசலின் மேல் பாலிஷைப் பூசியது அவள். ஊசி போட்டுப் பழகிய கை, ஆடவேயில்லை. பாலிஷ் ரத்தச் சிவப்பு.

"நல்லா காயணும். ஈரமா ஸ்டார்ட் பண்ணா பத்திக்கும்."

பத்து பத்து. பத்து இருபது. மூன்று பேரும் ஒரு மூடியைச் சுற்றி நின்று ஊதினோம்; பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூட அவ்வளவு அக்கறையாக ஊதியதில்லை. பத்து முப்பதுக்கு மூடி ஏறியது. சாவி திரும்பியது. எஞ்சின் கும்மென்று பிடித்தது!

உடனே பாட்டிலை எடுத்து அதன் தலையிலேயே தண்ணீரைப் பீய்ச்சினான் மச்சான்.

"அடப்பாவி!"

எஞ்சின் அசரவில்லை. நாங்கள்தான் குதித்தோம்.

டெஸ்ட் மைதானத்தில் தகரக் கூரையடியில் நின்றோம். தூறல் அடைமழையாகிவிட்டது. அதிகாரியோடு கார் வளைவில் மறைந்தது. நான் என் நகத்தையும் மச்சான் தன் நகத்தையும் கடித்தோம். கொஞ்ச நேரம் போயிருந்தால் மாற்றிக் கடித்திருப்போம். மேட்டில் நிறுத்தி ஏற்றும் இடத்தில் சத்தம் ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு கார் மேட்டில் ஏறியது.

அதிகாரி குடையோடு இறங்கி, அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுப் போனார். அவள் எங்கள் முன்னால் வந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியவில்லை.

நான் பழக்கதோஷத்தில் டிரைவர் பக்கம் போனேன்.

"அந்தப் பக்கம்," என்றாள். "பின்னாடி."

மச்சானை இடித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி, சமர்த்தாக உட்கார்ந்தேன்.