கோச் காதைத் தொட்டார்

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை, அக்கா கேட்டு எழுதுவது. "ஆளாளுக்குக் கண்டபடி பேசுறாங்க. நீதான் எழுதுறவனாச்சே, அவர் மேல தப்பில்லைன்னு ஒரு கதை எழுதேன்டா" என்றாள். அவர் என்றால் அத்தான். பல வருஷம் நடுக்களத்தில் ஆடி ஓய்வுபெற்று, இப்போது அதே கால்பந்து கிளப்புக்குக் கோச். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அவர் வேலை தங்குமா போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

2

முதல் தொடக்கம்: பந்து காலுக்கு வருமுன்னே இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிடுகிற ஆட்டக்காரர் அவர். அப்படிப்பட்டவர் கண்ணில் அன்றைக்கு

(வேண்டாம். இதை எழுதினால் நானே அவரை மாட்டிவிடுகிறேன். எல்லாம் பார்க்கிறவர் இதை மட்டும் எப்படிக் கோட்டை விட்டார் என்று கேட்பீர்கள். எனக்கும் அதே கேள்விதான்.)

இரண்டாம் தொடக்கம், நடந்தது நடந்தபடி: அரையிறுதி. எதிரணிக்கு ஃப்ரீ கிக். கோட்டருகே நின்ற அத்தான் இடது காதைத் தொட்டார். உதைப்பதற்கு ஒரு நொடி முன்னால் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் முன்னே ஓடி, எதிராளிகளை ஆஃப்சைடில் மாட்டிவிடவேண்டும் என்று அர்த்தம். அந்தச் சைகையை எதிரணிக் கோச்சும் பார்த்தார். பெயர் நெட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அத்தானோடு நடுக்களத்தில் ஆடியவர். அந்தச் சைகையை இருவரும் சேர்ந்துதான் உண்டாக்கினார்கள். நெட்டை ஒரு சத்தம் போட்டார். அவருடைய ஆள் ஒருவன் தாமதித்து, ஆஃப்சைடில் சிக்காமல் ஓடிவந்தான். காலி இடம், கோல், தோல்வி.

3

"நெட்டைக்குத் தெரியும்னு தெரிஞ்சும் ஏன் அத்தான் அதையே காட்டுனீங்க?"

"கை தானா போயிடுச்சு மாப்ள. அவன் முகத்தைப் பார்த்ததும் பழைய ஞாபகம்."

சொல்லும்போது ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஷூ.*

* இந்த ஷூவை நான் சேர்த்தேனா, உண்மையிலேயே பார்த்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் ஷூகூடச் சாட்சிக்கு வந்து நிற்கிறது.

4

நெட்டையை அவர்களுடைய மைதானத்தில் பிடித்தேன். வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவன் காதைத் தொட்டதும் எனக்கே பாவமாயிடுச்சு தம்பி. அதுக்காக விடமுடியுமா? ஆட்டம் ஆட்டந்தானே."

கிளம்பும்போது கூப்பிட்டார். "அங்க வேலை போனா இங்க வரச்சொல்லுங்க. துணைக் கோச் இடம் காலியாத்தான் இருக்கு, பேசிக்கலாம்."

பேசிக்கலாமா, ஏற்கெனவே பேசி முடித்தாயிற்றா? நல்ல மனிதர்தான். அதுவே எனக்கு ஆகவில்லை.

5

முடிவு அ: பழக்கதோஷம். கமிட்டி மன்னிக்கிறது.

முடிவு ஆ: அத்தான் தெரிந்தே செய்தார். நெட்டை கிளப்பில் இடம் தயார்.

ஆ சுலபமாக வந்துவிட்டது. அ-வை நாலு தடவை அடித்துத் திருத்தியும் அது கட்சிக்காரனுக்கு வக்கீல் எழுதியதுபோல இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் வீட்டிலேயே தங்கி, அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அவரைச் சந்தேகப்படுகிறேன்.

6

இதுவரை எழுதியதை அக்கா துணி தேய்க்கும் மேஜையருகே நின்று படித்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"கமிட்டிக்காகக் கேட்டேன்னு நெனச்சியா?" என்றாள் மெதுவாக. "எனக்காகத்தான்டா கேட்டேன். நீ எழுதினா நம்பிடலாம்னு பார்த்தேன்."

அவளுக்கும் அதே நோய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல்.

அப்போது அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் கதைதானே மாப்ள? முடிவை மட்டும் படி, கேக்கலாம்."

அக்கா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, தாள்களை என் கையில் கொடுத்தாள். இரண்டு முடிவும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. என் இடத்தில் நீங்கள் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, ஒன்றைச் சத்தமாகப் படியுங்கள். அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.