மூன்றாம் மாடிச் சிரிப்பு

கண்ணைக் கட்டிவிட்டாலும் சாராய பாட்டில் இருக்கும் அறையைக் கண்டுபிடித்துவிடுவேன், அப்படியொரு கெட்டிக்காரன் நான். இருபது வருடம் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த பீரோவுக்குள் சரக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனதில்லை. அதனால்தான் அன்று மாலை, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து ரோலரை மாற்றிக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து அந்தச் சிரிப்பு வந்ததும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

வயிறு குலுங்கும் சிரிப்பு. அடங்கியதுபோல் அடங்கி மறுபடி வெடித்தது. மூன்றாவது கிளாசுக்கு முன்னால் மனிதர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குப் போய்த்தான் என்ன செய்ய? என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. "முப்பது நாள் குடிக்காம இருந்து காட்டுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு மூன்று நாளே மலையாக இருந்தது. கைக் கிரீஸைத் துடைத்துவிட்டு அந்தக் கதவைத் தட்டினேன்.

"எனக்கும் ஒரு இடம் கிடைக்குமா?"

"உங்களுக்கு இல்லாத இடமா? உள்ள வாங்க" என்றார் ஓட்டுநர் சீருடையில் இருந்த ஒரு பெண். பஸ் ஓட்டுபவர், எல்லோருக்கும் 'பிரேக் அக்கா'. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் எட்டுப் பேர் இருந்தார்கள். காகிதக் கோப்பையில் டீ கொடுத்தார்கள். மரியாதைக்குக் குடித்தேன். அடுத்தது வரும் வரும் என்று பார்த்தேன், வருகிற வழியைக் காணோம். பக்கத்தில் இருந்த முடிவெட்டுபவரின் காதில் கேட்டேன்.

"அண்ணே, சரக்கு எப்ப வரும்?"

ரகசியமாகக் கேட்டதாகத்தான் நினைப்பு. அறையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள்.

"தம்பி, இங்க எல்லாருமே அவங்கவங்க பங்கை முன்னாடியே குடிச்சு முடிச்சாச்சு. அதான் இப்ப டீ" என்றார் முடிவெட்டுபவர்.

குடியை விட்டவர்கள் கூடும் இடமாம். என் முகத்தில் ஈயாடவில்லை. கம்பி நீட்டிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் முடிவெட்டுபவர், நான் வருமுன் சொல்லிக்கொண்டிருந்த தன் கதையைத் தொடர்ந்துவிட்டார். ஒரு காலை, நடுங்கும் கையோடு ஒருவருக்கு மீசை ஒதுக்கப் போய் இடது பக்கம் குறைந்துவிட்டதாம். சரிக்கட்ட வலது பக்கம், மறுபடி இடது பக்கம் என்று போய், கடைசியில் மொழுக்கென்று ஆகிவிட்டது. மீசைக்காரர் உள்ளூர் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

நின்றவாக்கிலேயே சிரித்தேன். வெறும் டீயை வைத்துக்கொண்டு எனக்குச் சிரிக்க வருமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் வாரம் இரண்டு முறை போனேன். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் குடிக்காமல் இருந்த நாட்களைச் சொல்ல வேண்டும். என் எண்ணிக்கை பத்தானது, இருபதானது. மாதக் கடைசிக் கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம் என்றார்கள். என் முப்பதாவது நாளும் அன்றுதான் வந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றாள்.

இருபத்தெட்டாவது நாள் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட்டை ஒப்படைத்தோம். முதலாளி கிளாசை நீட்டினார். வாங்கிவிட்டேன். ஒன்றோடு நிற்கவும் இல்லை. மறுநாள் தலைவலியோடு என் மேலேயே காறித் துப்பத் தோன்றியது. வெளியே ஒருவருக்கும் தெரியாது.

கூட்டத்துக்கு அவள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நர்ஸ் உடையிலேயே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரேக் அக்கா ஆயிரத்துச் சொச்சம் சொன்னார். முடிவெட்டுபவர் அறுநூறு சொன்னார். என் முறை வந்தது. வாய் கூசாமல் புளுகிப் பழகிய நாக்கு இது. முப்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் பெண்டாட்டி பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"ரெண்டு" என்றேன்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். படபடவென்று கை தட்டினார்கள். பிரேக் அக்காவின் ஆயிரத்துக்குக்கூட அப்படித் தட்டவில்லை. விழுந்து எழுந்து வந்தவருக்குத்தான் அங்கே பலமான கைதட்டல். நிமிர்ந்தபோது கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

ஓடினேன். வராந்தாவில் நின்று கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா. முப்பது வரைக்கும்..."

"எனக்குத் தெரியும். முந்தாநாள் போன்ல பொண்ணுகிட்ட ஒரே கதையை மூணு தடவ சொன்னீங்க."

"தெரிஞ்சுமா வந்தே?"

"முப்பதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ஜென்மத்துக்கும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணு கீழ டாக்ஸியில பெட்டியெல்லாம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. மசமசன்னு நிக்காம வாங்க, மீட்டர் ஓடுது."

மூன்று பெட்டிகளுக்கு நடுவில் என் மகளின் தலை மட்டும் தெரிந்தது.

"அப்பா, எத்தனை நாள்?"

"ரெண்டுடா கண்ணு."

"அவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"பெட்டியை மடியில வெச்சுக்க. அப்பா உக்காரணும்" என்றாள் அவள் அம்மா.