தற்செயல் என்று ஒரு சத்தியம்

அன்று காலை தல்லூசா தன் எஜமானியின் பின்னலை இரண்டாம் முறையாக அவிழ்த்தாள்.

"என்னடி, என் தலையோட உனக்கு இன்னிக்கு என்ன சண்டை?" என்றாள் ருபெல்லியா.

"இடது பக்கம் ஒண்ணு தொங்குதும்மா. உங்க அம்மா பார்த்தா என்னைத்தான் பிடிச்சுக்குவாங்க."

ருபெல்லியா சிரித்துவிட்டு மறுபடி கழுத்தை நீட்டினாள். நல்ல மனுஷி. சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பெற்றவர்களிடமிருந்து பிரித்து, வெஸ்டா தேவியின் நெருப்பைக் காக்க இந்தக் கன்னியர் மாளிகைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். பளிங்குத் தூண், குளம், ரோஜாச் செடி என்று எதற்கும் குறைவில்லை. நினைத்தபோது அம்மா மடியில் படுக்கத்தான் வழியில்லை. அவள் தலைக்குக் கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல ஆறு பின்னல் போட்டு, கம்பளி நாடா சுற்றி, வெள்ளை முக்காடு பொருத்தும் அடிமைதான் தல்லூசா. மாளிகையில் வேறு யார் கை வைத்தாலும் ருபெல்லியாவுக்குத் தலை வலிக்கும்.

இடது பக்கப் பின்னல் தொங்கவெல்லாம் இல்லை. தல்லூசாவின் கைதான் பின்னலில் இருந்தது. காது முழுக்க வெளியே, ஊர்ப் பொதுமன்றத் திடலின் மறுகோடியில் இருக்கும் சிறைச்சாலைப் பக்கம். அங்கே கொம்பு ஊதினால் கொலைக்களத்துக்குக் கைதியைக் கிளப்புகிறார்கள் என்று அர்த்தம். இன்றைய கைதி ஹிலாரஸ், அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அவன் செய்த குற்றத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். கம்பளி வியாபாரி ஒருவனுக்கு அவன் அடிமை. குடித்துவிட்டு வந்த எஜமான் கம்பால் விளாசியபோது, முகத்தில் விழாமல் கையால் தடுத்தான். கம்பு திரும்பி எஜமான் வாயிலேயே பட்டு ஒரு பல் போயிற்று. அடிமை கை ஓங்கிவிட்டானாம். ஒரு சொத்தைப் பல்லுக்கு ஓர் உயிர், ரோமாபுரியின் நியாயம் அப்படி.

ஆனால் அதே ரோமாபுரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. சாகப் போகிறவனுக்கு எதிரே வெஸ்டாவின் கன்னி வந்துவிட்டால் அவன் பிழைத்தான். அந்த இடத்திலேயே கட்டு அவிழும். ஒன்றே ஒன்றுதான், அந்தச் சந்திப்பு தற்செயல் என்று அவள் தன் நெருப்பின்மேல் சத்தியம் செய்ய வேண்டும். தெரியாமல் செய்தால் அவளுக்குப் பாவம் இல்லை. தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தால் நெருப்பு அணையும் என்பார்கள். நெருப்பு அணைந்தால் யார் மேல் கறை என்று தேடுவார்கள். கறைபட்டவளை உயிரோடு புதைக்க, கொல்லினா என்ற நகர வாசல் அருகே பூமிக்கடியில் ஓர் அறை தயாராக இருந்தது. ஒரு கட்டில், ஒரு விளக்கு, கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் பால், மேலே மண். தல்லூசா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதனால்தான் எஜமானியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலில் விழுந்து அழுதிருந்தால் ருபெல்லியாவும் சேர்ந்து அழுதிருப்பாள், ஆனால் அந்த நிமிடமே தம்பியின் கதை முடிந்திருக்கும். விஷயம் தெரிந்தவள் எப்படித் தற்செயல் என்று சொல்லுவாள்? பல் வலி முதல் கனவு வரை எல்லாவற்றையும் எஜமானியிடம் கொட்டுகிறவள், இதை மட்டும் தொண்டைக்குள்ளேயே வைத்துப் பூட்டினாள். ருபெல்லியா இன்று எஸ்குலின் மேட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போகிறாள். கைதியை இட்டுப்போவதும் அதே மேட்டைத் தாண்டித்தான். கொம்பு ஊதும்வரை தலைவாரல் முடியக்கூடாது, அவ்வளவுதான் வேலை.

ஒரே ஒரு காரியம் கூடுதலாகச் செய்திருந்தாள். சிறைக்குத் தண்ணீர் சுமக்கும் டாமாவிடம் முந்தின நாள் சொல்லி அனுப்பினாள்: அக்கா வருவாள், பயப்படாதே. மீதியையும் சொல்ல நாக்கு வரை வந்தது. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் டாமாவின் வாய் ஓட்டை வாய், ஊரெல்லாம் பரவிவிடும் என்று விட்டுவிட்டாள். இருட்டறையில் தனியாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஓர் ஆறுதல், அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். பாவி மகள், அங்கேதான் கோட்டை விட்டாள்.

கொம்பு ஊதியது. அவள் விரல்கள் பறந்தன. நாடாவைச் சுற்றி, முக்காட்டைப் பொருத்தி, போகலாம்மா என்றாள்.

முன்னால், அரசு அதிகாரத்தின் அடையாளமான கோல்கட்டை ஏந்திய காவலன் வழி விலக்கிக்கொண்டே போனான். நடுவில் ருபெல்லியா, பின்னால் தல்லூசா. செருப்புத் தைப்பவர்கள் தெருவில் சனம் இருபுறமும் ஒதுங்கியது. தண்ணீர்த் தொட்டி இருக்கும் திருப்பத்துக்கு வந்தபோது, சாகப் போகிறவனுக்கு முன்னால் அடித்துக்கொண்டு வரும் மணியோசை கேட்டது. எதிரே காவலர்கள். நடுவில் ஹிலாரஸ், கழுத்தில் குறுக்குக் கட்டை, கைகள் இரண்டையும் அதில் கட்டியிருந்தார்கள். தலை குனிந்திருந்தது.

தெருவே நின்றுவிட்டது. யாரோ ஒரு கிழவர், பய தப்பிச்சான்டா என்று முணுமுணுத்தார். காவல் தலைவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். பல வருடம் பார்த்த வேலை, இப்படி ஒன்று அவனுக்கும் இதுதான் முதல் தடவை. தற்செயலாக வந்ததுதானே, நெருப்பு சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டான்.

ருபெல்லியாவின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருடம் விறகு போட்டுக் காத்ததற்கு ஓர் உயிரைக் காப்பாற்றுகிறோம் என்ற சந்தோஷம் அவள் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. வலது கையை உயர்த்தினாள்.

அப்போது ஹிலாரஸ் தலையை நிமிர்த்தினான்.

"அக்கா! வந்துட்டியா! வருவேன்னு சொல்லி அனுப்பினியே, இவனுங்ககிட்ட சொன்னேன், ஒருத்தனும் நம்பல."

உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, முக்காட்டுக்கு அடியில் இடது பக்கப் பின்னலைத் தொட்டுப் பார்த்தது. இரண்டு முறை அவிழ்த்துப் போட்ட பின்னல். ருபெல்லியா திரும்பினாள்.

"யாரு இவன்?"

"தெரியலம்மா." தல்லூசாவுக்குத் தன் குரலே யாருடையதோ போல இருந்தது.

"என்னக்கா, விளையாடுறியா?" என்று ஹிலாரஸ் சிரித்தான்.

ருபெல்லியா அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள். "என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. இவன் யாருன்னு உனக்குத் தெரியாதுன்னு சொல்லு, நான் சத்தியம் பண்றேன். நீ சொல்றத நம்பித்தான் பண்றேன்."

இன்னொரு முறை தெரியாது என்று சொன்னால் போதும். சொல்ல வாயையும் திறந்தாள். எஜமானியின் விரல் இன்னும் அந்த இடது பக்கப் பின்னலிலேயே இருந்தது. பாதி தெரிந்துவிட்டது அவளுக்கு. பாதி தெரிந்து செய்கிற சத்தியம் எந்தக் கணக்கில் சேரும்? அந்தக் கட்டிலும் விளக்கும் தல்லூசாவின் கண்முன் வந்து நின்றன. ஆறு பின்னலோடு இந்தத் தலை அந்தப் படிகளில் இறங்குவதை அவள் பார்த்துவிட்டாள். பெற்ற தாய்க்கு அடுத்து அவள் தொட்டு வளர்த்த தலை. அந்தப் பக்கம் தம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். இப்படி ஒரு நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

"என் தம்பிம்மா," என்றாள்.

ருபெல்லியா கண்ணை மூடித் திறந்தாள். சத்தியம் செய்ய இயலாது என்று காவல் தலைவனிடம் சொன்னாள். அவன் சற்று நேரம் தயங்கி நின்றான், வேறு ஏதாவது சொல்ல மாட்டாளா என்பதுபோல. பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தான்.

ஹிலாரஸுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைத்தான்.

"அக்கா, ஆயிடுச்சா? அவிழ்க்கச் சொல்லுக்கா, கை மரத்துப்போச்சு."

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான், தெரு திரும்பும்வரை அவன் முகத்தில் சிரிப்பு முழுசாகப் போகவில்லை.

தல்லூசா எஜமானியின் பின்னாலேயே நடந்தாள். தாய் வீட்டில் அத்திப்பழமும் தேனும் வைத்தார்கள். ருபெல்லியா ஒன்றையும் தொடவில்லை. மாளிகைக்குத் திரும்பினார்கள். தலைமைப் பூசாரியிடம் சொல்லித் தன்னைச் சாட்டையடிக்கு அனுப்புவாள் என்று தல்லூசா எதிர்பார்த்தாள். உள்ளுக்குள் அதை விரும்பினாள் என்றே சொல்லலாம். ருபெல்லியா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ருபெல்லியா வழக்கம்போல முற்றத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முக்காட்டை அவளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"அவன் கூப்பிடலேன்னா நான் பண்ணியிருப்பேன்டி. எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாம்மா."

"நீ வருவேன்னு அவன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான். பயந்துக்குவானேன்னு சொல்லி அனுப்பினேன்."

ருபெல்லியா மடியிலிருந்த முக்காட்டை மடித்து வைத்தாள். பிறகு, தலை வலிக்கிறது, அவிழ்த்து விடு என்றாள்.

தல்லூசா நாடாவின் முடிச்சில் கை வைத்தாள். காலையில் அவசரத்தில் போட்ட முடிச்சு, இறுகிக் கிடந்தது. அவள் விரல் ஒன்றும் அசையவில்லை.