ஆறு செவ்வாய்க்கிழமைகள்

புயலில் உப்போடைக்கு அதிகச் சேதமில்லை. எழுபது கூரைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வாரத்தின் ஏழு நாள்களும் போயிருந்தன. கூரைகளை ஊர்க்காரர்களே வேய்ந்துகொண்டார்கள். தொட்டியை அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. நாள்களுக்கு மட்டும் வெளிநாட்டு உதவி கேட்க வேண்டியிருந்தது.

ஆறு நாடுகள் முன்வந்து ஆளுக்கொரு நாளை அனுப்பிவைத்தன. கப்பலிலிருந்து இறக்கிப் பிரித்துப் பார்த்தால், ஆறும் செவ்வாய்க்கிழமைகள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனியே நிபுணர்களை வைத்து ஆராய்ந்திருந்தது. திங்களன்று மனிதர்களுக்கு உடம்பு வணங்காது, வெள்ளியன்று மனசு விடுமுறைக்குப் போய்விடும், வேலைக்குத் தோதான நாள் செவ்வாய்தான் என்று ஆறு அறிக்கைகளும் சொல்லின. நல்ல தரமான நாள்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்தந்த நாட்டுக் கொடி ஒட்டியிருந்தது.

ஊர் செவ்வாய்க்குப் பின் செவ்வாயாக வாழத் தொடங்கியது. சலூன் திறக்கவில்லை. ஆண்கள் தலைமுடியைப் பின்னிக்கொண்டார்கள். செவ்வாயோ வெறுவாயோ என்று, பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். பள்ளிவாசலில் ஜும்ஆ இல்லை, மாதா கோயிலில் ஞாயிறு பூசை இல்லை. இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது.

பொறுக்க முடியாதவள் நர்ஸ் அமலோற்பவம். உப்போடை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறாள். தடுப்பூசி புதன்கிழமைதான் போட வேண்டும். எண்பத்து மூன்று பிள்ளைகள் ஊசிக்குக் காத்திருந்தன. வடக்கே இரண்டு ஊர் தள்ளித் தட்டம்மை கண்டிருந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த மருந்து இன்னும் ஒன்பது செவ்வாய்க்குத்தான் தாங்கும்.

மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் குடியிருக்கும் ரஹ்மத் நிஷா, ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நர்ஸம்மா, செவ்வாயிலயே போட்டுட்டா என்ன?"

"போட்டுப் பாத்தேன்மா. ஊசி உள்ள போகுது, மருந்து எறங்க மாட்டேங்குது."

ரஹ்மத் நிஷா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் அப்படித் தொட்ட விதத்தில் அமலோற்பவத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

புதன் கேட்டு அமலோற்பவம் விண்ணப்பிக்காமல் இல்லை. ஒவ்வொரு செவ்வாயையும் பார்வையிட அந்த நாட்டின் பிரதிநிதி ஒருவர் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புவார். ஊராரின் நேரத்தைத் தொடக் கூடாது என்பதால், பார்வையிட வேண்டிய நாலு மணி நேரத்தை அந்தந்த நாடே கூடுதலாகச் சேர்த்து அனுப்பியிருந்தது. ஆகவே உப்போடையில் ஒரு நாளுக்கு இருபத்தெட்டு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் அமலோற்பவம் உட்கார்ந்து பதில் சொல்வாள். செவ்வாய்க்கிழமை திருப்தியாக இருக்கிறதா? பெண்களுக்கும் சமமாகக் கிடைக்கிறதா? மழையில் ஒழுகுகிறதா? மறுநாள் இன்னொருவர் வந்து இதையே கேட்பார்.

"புதன் ஒண்ணு வேணும்" என்பாள்.

"அதை மற்ற நாடுகளிடம் கேளுங்கள். நாங்கள் செவ்வாயைத் தந்துவிட்டோம்" என்பார் வந்தவர்.

"அவங்கள நீங்க பாத்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கிறோம்."

ஒருவரும் மற்றவரைப் பார்த்ததில்லை. தன் நாட்டுச் செவ்வாய்க்கு வெளியே தங்க எவருக்கும் அனுமதி கிடையாது. நோயாளியாக இருந்தால் மட்டும் தங்கலாம் என்று விதியின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அமலோற்பவம் அதை மூன்று தடவை படித்துவிட்டு, வார்டில் இருந்த ஆறு கட்டில்களுக்கும் புது விரிப்பு போட்டாள்.

முதல் செவ்வாய் வந்தவர் பனிநாட்டு ஹில்டா. அறுபது வயதிருக்கும், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அமலோற்பவம் அவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினாள்.

"பிரஷர் நூத்தி எழுபது. ஆறு நாளைக்குப் படுக்கணும்."

"எனக்கு உடல்நலக் குறைவு ஏதும் இல்லையே."

"இருக்கும்மா. படுங்க."

அவள் பொய் சொல்லவில்லை. மறுநாள் வந்த காப்பிநாட்டு மொரேனோவுக்கு நூற்று எண்பது. அவரை ஐந்து நாள் படுக்கச் சொன்னாள். அடுத்தவருக்கு நாலு நாள். அறிக்கை எழுதி எழுதி ஆறு பேருக்குமே இரத்த அழுத்தம் உண்மையில் ஏறித்தான் இருந்தது. ஆறாவது செவ்வாய் மதியம் கட்டில்கள் நிறைந்தன. எல்லோருக்கும் உப்புக் குறைத்த கஞ்சியும் பயறும் கொடுத்தாள்.

படுத்திருப்பவர்களுக்குப் பேச்சைத் தவிர வேறு வேலை இல்லை. மொரேனோதான் தொடங்கினார்.

"உங்கள் படிவத்தில் பதினேழாவது கேள்வி என்ன?"

"மழையில் ஒழுகுகிறதா" என்றார் ஹில்டா.

"எங்களுக்கும் அதுதான்" என்று நாலாவது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆறு படிவங்களையும் விரிப்பின்மேல் பரப்பினார்கள். காற்புள்ளி உட்பட ஒன்றாக இருந்தன. ஐந்தாவது கட்டில்காரர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அமலோற்பவம் கஞ்சிக் கிண்ணங்களை எடுக்க வந்தாள். "ஆறு செருப்பு குடுத்திருக்கீங்க. ஆறும் வலது காலுக்கு" என்றாள்.

யாராவது ஒருவர் புதனாக மாற வேண்டும் என்பதில் ஆறு பேரும் உடன்பட்டார்கள். அந்த ஒருவர் தாமில்லை என்பதிலும் உடன்பட்டார்கள். எங்கள் நாடாளுமன்றம் செவ்வாய்க்குத்தான் ஒப்புதல் தந்தது என்றார் மொரேனோ. செவ்வாய் என்றே பெயர்ப்பலகை அடித்துவிட்டோம் என்றார் மூன்றாவது கட்டில்காரர். மாலைப் படகுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. படகு போய்விட்டால் ஆறு பேரும் மறுபடி ஆறு செவ்வாய்களாகப் பிரிந்துவிடுவார்கள்.

வெளியே ஒரு பிள்ளை இருமியது. ரஹ்மத் நிஷா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில தாய்மார்கள். அமலோற்பவம் கிண்ணங்களைக் கீழே வைத்தாள்.

"நீங்க யாரும் மாற வேண்டாம்" என்றாள். "செவ்வாய்க்குப் பின்னால நிக்கிற நாளு புதன்தான. அதுக்குப் பின்னால நின்னா வியாழன். ஆறு பேரும் முன்னால நிக்கணும்னு பாக்கறதாலதான் ஆறும் செவ்வாயா இருக்கு. ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் நில்லுங்க. போதும்."

"யார் முன்னால்? யார் பின்னால்?" என்றார் மொரேனோ.

"அதான் வரிசையாப் படுத்திருக்கீங்களே."

ஆறு பேரும் கட்டில்களைப் பார்த்தார்கள். ஹில்டா முதல் கட்டிலில் இருந்தார். மொரேனோ இரண்டாவதில். அவர், பார்வையிட வாங்கிப் பெட்டியில் வைத்திருந்த தம் செவ்வாயை எடுத்து, ஹில்டாவின் செவ்வாய்க்குப் பின்னால் வைத்தார். ஓரத்தில் இருந்த எழுத்து மெல்ல நகர்ந்து புதன் என்று ஆனது. கொடி அப்படியே இருந்தது. "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் மொரேனோ. மற்றவர்கள் அடுத்தடுத்து வைத்தார்கள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு.

திங்கள் இல்லை. திங்களைத் தனியாகக் கொடுக்க எந்த நாடும் துணியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹில்டா படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஐந்தைக் கிழித்தார். "ஆறு பேரும் ஒரே படகில் வந்து ஒரே படிவத்தில் கேட்டால், அமலோற்பவம் அம்மையார் தம் வேலைக்கு நடுவே பதில் சொல்லிவிடுவார். எங்களுக்கு ஆளுக்கு நாலு மணி நேரம் மிச்சம்" என்றார். ஆறு நாலு இருபத்து நாலு. அதைச் சேர்த்துத் தைத்ததில் திங்கள்கிழமை முழுதாக வந்தது. தையல் தெரிந்தது, ஆனால் திங்கள்கிழமையை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

அமலோற்பவம் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தாள். ஆறும் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக்கொடுத்தாள். ஒருவரும் போகவில்லை. புதனைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். வரிசையில் நின்றபின் எல்லா நாளும் எல்லோருடையதுமாகிவிட்டதால் அனுமதி தேவைப்படவில்லை.

அந்தப் புதன் காலை உப்போடையில் விடிந்தபோது மாதா கோயில் மணி தானாக அடித்தது. பள்ளிவாசலில் சர்பத் கரைத்தார்கள். எண்பத்து மூன்று தாய்மார்கள் பிள்ளைகளோடு ஏலக்கூடம்வரை நின்றார்கள். ஹில்டா பஞ்சை நனைத்துக் கொடுத்தார். மொரேனோ அட்டையில் தேதி எழுதினார். முதலில் ரஹ்மத் நிஷாவின் பிள்ளை. அமலோற்பவம் ஊசியைக் குத்தினாள். அமுக்கினாள். மருந்து இறங்கியது. பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு வரிசை முழுவதும் கைதட்டியது. ஏலக்காரர்கள் தராசைத் தட்டினார்கள். ரஹ்மத் நிஷா பிள்ளையோடு சேர்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

மதியம் மூன்று மணிக்கு எண்பத்து மூன்றும் முடிந்தது. ஐஸ் பெட்டியில் ஒரு டோஸ் மிச்சமிருந்தது. அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தபோது வரிசையில் கடைசியாகக் கலங்கரை விளக்கம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தெற்கே நாற்பது கிலோமீட்டரிலிருந்து, இங்கே புதன் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நடந்தே வந்திருந்தது.

"அட்டை கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை என்றது. மொரேனோ புது அட்டை எடுத்துப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். அமலோற்பவம் ஏணியைச் சாத்தி ஏறி, இடது பக்கத்தில் வெள்ளையடித்த இடமாகப் பார்த்துப் போட்டாள்.

"அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும். அங்க உக்காருங்க."

உட்கார முடியாது என்றது.

"சரி, நின்னுட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள்.