ஒரு சாண் தண்ணீர்

எங்கள் தடுப்பணையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இவ்ளோதானா?" என்றுதான். ஆறடி உயரம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு முப்பது தப்படி. இதற்கு ஒரு ஷட்டர் அறை, இரண்டு இரும்பு ஷட்டர், ஒரு சைரன், ஒரு மைக், போதாததற்கு ஆபரேட்டர் என்று நான் ஒருவன். பெரிய அணைகளைப் படத்தில் பார்த்துக் கெட்டுப்போன கண்கள். அவர்களிடம் வாய் கொடுத்துப் பயனில்லை. "வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிக்கறவங்க மேல ஏறி வாங்க, போட்டோ அப்புறம் எடுக்கலாம்" என்று மைக்கில் கத்துவதோடு சரி.

எனக்கு அந்த ஆறடியிடம் பயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருஷ மழையில் ஒரு கால்பந்து மிதந்து வந்து அணையிலிருந்து கீழே விழுந்தது. விழுந்த பந்து ஆற்றோடு போக வேண்டும்தானே? போகவில்லை. முங்கி, நாலைந்து அடி தள்ளி நுரையில் எழும்பி, அணையைப் பார்த்துத் திரும்பி வந்தது. அடியில் ஆறு முன்னால் ஓட, மேல்பரப்பு மட்டும் பின்னால் ஓடியது. வந்த பந்தை விழுகிற தண்ணீர் மறுபடி அமுக்கியது. நாலு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் காற்றுப்போன தோலாக அது வெளியே வந்தபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கோபமில்லாமல், களைப்பில்லாமல், ஒரே வேலையை விடாமல் செய்கிற ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அணைக்கு மேலே தேங்கி நிற்கும் நீரில் அக்காவும் மாமாவும் படகு விடுகிறார்கள். எட்டு மிதிபடகு, இரண்டு ஒற்றையாள் துடுப்புப் படகு. மாமா படகுத்துறையில் ஆட்களை ஏற்றி இறக்குவார். அக்கா டிக்கெட் மேஜையில் இருப்பாள். லைஃப் ஜாக்கெட் போடாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அவளைத் தாண்டிப் படகில் கால் வைக்க முடியாது. அணைக்கு நூறடி முன்னால், கரைக்குக் கரை கயிறு கட்டி ஆரஞ்சு மிதவைகளைக் கோத்திருக்கிறோம். அதுதான் எல்லை. "ஆரஞ்சுக்கு இந்தப் பக்கம்" என்று அக்கா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்பது மாமாவின் புகார்.

மாமாவுக்கு இன்னொரு புகாரும் இருந்தது. ஷட்டர்கள் பாதி திறந்திருக்கும் நாட்களில் படகுத்துறையில் ஆழம் போதாது. கொஞ்சம் கனமான ஆள் ஏறினால் படகு சேற்றில் உரசி நின்றுவிடும்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு சாண் ஏத்திக் குடுய்யா. மச்சினன் ஆபரேட்டரா இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

ஏற்றிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் இதைவிட அதிகமாக வழிகிறதே, ஒரு சாணில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் படகே விடுவதில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு ஷட்டர்களையும் முழுதாக மூடிவிடுவேன். மற்ற நாளில் விரல் கனத்துக்கு வழிகிற தண்ணீர், மறுநாள் ஒரு சாண் கனத்தில், அணையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கண்ணாடியாக வழியும். பார்க்க வருகிறவர்கள் அன்று மட்டும் "இவ்ளோதானா?" என்று கேட்பதில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். அக்காவிடம் நாங்கள் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அப்படி ஏற்றிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். காற்று அடித்ததில் ஒரு காலி மிதிபடகு கட்டவிழ்ந்து கரையோரமாகவே அணைப்பக்கம் நகர்ந்தது. மாமா வேறொரு படகிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, துடுப்புப் படகில் அதைப் பிடிக்கக் கிளம்பினாள். நான் ஜன்னலில் இருந்து மைக்கில், "என்னக்கா, போட்டியா?" என்றேன். அவள் துடுப்பைத் தூக்கி அடிப்பேன் என்று காட்டினாள்.

ஆரஞ்சு வந்ததும் நின்றுவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கரையோரத்தில் ஆரஞ்சே இல்லை. அப்போதுதான் உறைத்தது. மிதவைக் கயிறு கரையில் இரும்பு வளையத்தில் கட்டியது. வளையம் பழைய நீர்மட்டத்துக்கு அடித்தது. தண்ணீர் ஏறினால் வளையம் ஏறாது. கரையோர மிதவைகள் உள்ளே முங்கிவிடும். எல்லை இன்னும் வரவில்லை என்று நம்பி அக்கா போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, திரும்பு" என்று நான் கத்தும்போது அவள் மிதிபடகின் கயிற்றைப் பிடித்து மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். கனமான படகு அணையின் விளிம்பில் சாய்ந்தது, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.

மிதிபடகு விழுந்த வேகத்தில் அவள் மணிக்கட்டிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு, நுரையைத் தாண்டி ஆற்றோடு போய்விட்டது. அக்காவையும் அவளுடைய சின்னப் படகையும் தண்ணீர் வைத்துக்கொண்டது.

சைரனை அழுத்தினேன். கீழே தூண்டில் போட்டிருந்த இருவர் மேட்டில் ஏறியதைப் பார்த்ததும் இரண்டு மோட்டார்களையும் போட்டேன். ஷட்டர் அங்குலம் அங்குலமாகத்தான் தூக்கும். அதற்கு அவசரம் தெரியாது. ஷட்டர் வழியாகத் தண்ணீர் போனால் அணை மேல் வழிவது குறையும். வழிவது நின்றால் சுழல் செத்துவிடும். எத்தனை நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாராவது உள்ளே இருக்கும்போது நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழ்க்கரைக்கு ஓடி வந்தார்.

"மாமா, இறங்காதீங்க. இறங்கினா உங்களையும் வச்சுக்கும். கயித்த மட்டும் வீசுங்க" என்றேன் மைக்கில். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. அவர் நின்றார். அவரை நிற்க வைத்தது எதுவோ, அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கயிறு எட்டவில்லை. கவிழ்ந்த படகின் பிடிக்கயிற்றில் அக்கா முழங்கையை நுழைத்திருந்தாள். படகு அணையைப் பார்த்து வரும், முங்கும், எழும்பும். ஒவ்வொரு முறையும் அவள் தலை தெரியும்வரை நான் மூச்சு விடவில்லை. அந்த நேரத்திலும், வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தத் தண்ணீரிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நூலளவு வித்தியாசம் இல்லை. அதற்கு அவள் என் அக்கா இல்லை. பந்தும் அவளும் ஒன்றுதான்.

ஜன்னலுக்கு வெளியே, அணை மேல் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் வழிகிறது என்று காட்டும் அளவுப் பலகை. அதைப் படிப்பது தவிர எனக்கு வேறு வேலை இல்லை. மைக்கில் படித்தேன்.

"அக்கா, படகை விடாத. இருபதுக்கு வந்துடுச்சு... பதினேழு... பதிமூணு. இன்னும் கொஞ்ச நேரம்தான்க்கா."

ஒன்றில் தண்ணீர்க் கண்ணாடி கிழிந்தது. அந்த முனையில் கல் தெரிந்தது. பிறகு நடுவில் தெரிந்தது. நுரை மெலிந்தது. இரைச்சல் மெல்ல அடங்கி, ஷட்டர் பக்கத்துச் சீற்றம் மட்டும் மிஞ்சியது. அணை நெடுகக் கறுத்த ஈரக் கல். அதன் அடியில், அதுவரை சுற்றிக்கொண்டிருந்த படகு நின்றது. ஒரு கணம் எங்கே போவது என்று தெரியாதது போல நின்றுவிட்டு, ஆற்றோடு நகர ஆரம்பித்தது. பிடிக்கயிற்றில் அக்காவின் கை இன்னும் இருந்தது. மாமா மார்பளவு தண்ணீரில் நின்று படகை வாங்கினார். அவள் இருமுவது மேலே இருந்த எனக்குக் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். மைக் அணைக்காமல் இருந்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

ஷட்டரை மூடியது, யாருக்காக மூடியது, எல்லாவற்றையும் அன்றே பதிவேட்டில் எழுதி மேலே அனுப்பிவிட்டேன். வேலை மிஞ்சுமா என்று இனிமேல்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை அக்கா ஷட்டர் அறைக்கு வந்தாள். மூட்டு விலகிய தோளைச் சரிசெய்து, கையைக் கழுத்தோடு தூளி மாதிரி கட்டியிருந்தார்கள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எவ்ளோடா ஏத்தின?"

கையை விரித்து மேஜைமேல் வைத்தேன். "ஒரு சாண்."

அவள் நல்ல கையை என் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

பதினோரு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"உள்ள இருக்கும்போது அது என்மேல கோவமா இருக்குன்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுது, அதுக்கு நான் இருக்கறதே தெரியல" என்றாள். அவள் குரலில் பயத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

ஷட்டர்கள் பாதி திறந்திருந்தன. கீழே மாமா ஒரு மிதிபடகைத் துறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அது சேற்றில் உரசி நின்ற சத்தம் அறைவரை கேட்டது. மாமா தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினார்.