வயிற்றில் இடிக்காத ஸ்டியரிங்

வேலையில் இருந்தவரைக்கும் டாக்டரம்மாவின் கணவருக்கு வயிறு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. ஆபீஸ் கார், ஆபீஸ் டிரைவர். பின்சீட்டில் சாய்ந்து போகிறவருக்கு வயிறு எவ்வளவு முன்னால் வந்தால் என்ன? குடிநீர் வாரியத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள் வாசலுக்கு ஆபீஸ் கார் வரவில்லை. அப்போதுதான் வீட்டு ஷெட்டில் நின்ற பழைய வண்டியை அவர் முதன்முதலாகக் கண் திறந்து பார்த்தார்.

அது டாக்டரம்மாவின் அப்பாவுடைய வண்டி. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த மனிதர். கேமராவும் விளக்கும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் படமெடுக்கப் போவதற்காக வாங்கியது. கண்ணை மூடுவதற்கு முன்பே மகள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அவள் பல் டாக்டர். கிளினிக் போக வர, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, எல்லாவற்றுக்கும் அந்த வண்டிதான். கணவர் அதற்கு வைத்திருந்த பெயர் காயலான்கடை. வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

ஓய்வுக்குப் பிறகு காயலான்கடை கிளாசிக் ஆகிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்கள் நடத்தும் சங்கம் ஒன்றில் அவர் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளை வரிசையாக ஓட்டிப்போய் ஏதாவதொரு புல்வெளியில் நிறுத்தி, ஒருவர் வண்டியை ஒருவர் புகழ்ந்துவிட்டுத் திரும்புவார்கள். சாவி அவர் சட்டைப்பைக்குப் போயிற்று. நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகவேண்டுமென்றால் டாக்டரம்மா தன் வண்டிச் சாவியைத் தானே கேட்டு வாங்கும்படி ஆயிற்று.

வண்டியின் ஸ்டியரிங் அந்தக் காலத்துப் பெரிய வட்டம். சீட்டைப் பின்னால் தள்ளினால் அவருக்குக் கால் எட்டவில்லை. முன்னால் இழுத்தால் வயிறு இடித்தது. வளைவில் திரும்பும்போது சட்டைப் பொத்தானும் சேர்ந்து திரும்பியது. வயிற்றைக் குறைக்கலாமே என்றாள் டாக்டரம்மா. அவர் ஸ்டியரிங்கைக் குறைப்பதென்று முடிவு செய்தார். மரப்பிடியும் மூன்று எஃகுக் கம்பியும் வைத்த சின்ன ஸ்டியரிங் ஒன்றை எங்கிருந்தோ தருவித்தார்.

மெக்கானிக்கிடம் போன அன்று அவளும் கூடப் போயிருந்தாள். அங்கிருந்து அக்கா வீட்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. மெக்கானிக் ஹார்ன் வளையத்தைக் கழற்றி, நடு நட்டைத் திருகி எடுத்து, ஸ்டியரிங்கைப் பிடுங்கி எடுக்கும் புல்லரை மாட்டி இறுக்கினார். படக்கென்று ஒரு சத்தத்தோடு பழைய ஸ்டியரிங் தண்டைவிட்டு வந்தது. தந்த நிறம், மெலிந்த விளிம்பு, அவள் கை பிடித்துப் பிடித்து இரண்டு பக்கமும் வழுவழுத்துப் போயிருந்தது. அதை மெக்கானிக் தகரப் பீப்பாயின் மேல் வைத்துவிட்டுப் புதியதைக் கையில் எடுத்து ஒரு தரம் சுற்றிப் பார்த்தார்.

"சார், வட்டம் சின்னதாச்சுன்னா திருப்புறதுக்குக் கைவலு ஜாஸ்தி வேணும். ஓட்டத்துல தெரியாது. நின்ன இடத்துலருந்து எடுக்கும்போது, சந்துல திருப்பும்போது கெட்டியா இருக்கும். அம்மா வேற ஓட்டுறாங்க…"

"அவ எங்க ஓட்டுறா? நான்தான் ஓட்டுறேன்."

மெக்கானிக் டாக்டரம்மாவைப் பார்த்தார். காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே வேலை பார்த்ததில் அவளுக்கு வலது தோள்பட்டை தேய்ந்து கிடந்தது. அது அவருக்கும் தெரியும், கணவருக்கும் தெரியும். அவள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் கணவர் வார்த்தையைப் பொய்யாக்கக் கூடாது என்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். மெக்கானிக் புதியதை மாட்டி நட்டை இறுக்கினார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளாம், எழுந்திருக்க முடியவில்லையாம். கணவர் சங்கத்து நண்பர் ஒருவரின் வண்டியில் எங்கோ போயிருந்தார். அவர் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பதற்குள்ளேயே தோள் சுளீரென்றது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தது. தெருமுனையில் ஒரு பால்வேன் பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒடித்துத் திருப்பினாள். பாதியில் கை மறுத்துவிட்டது. வண்டி தன் பாட்டுக்குப் போய் விளக்குக் கம்பத்தில் உரசி நின்றது. முன் மட்கார்டு நசுங்கிவிட்டது. அவள் வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு ஆட்டோ பிடித்து அக்காவிடம் ஓடினாள்.

அக்காவின் ஒடிந்த காலுக்குக் கட்டுப் போடவைத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியபோது கணவர் நசுங்கிய இடத்தை அடிபட்ட குழந்தையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அவளுடைய தோளைப் பற்றியும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்த பையனுக்கு அவரே போன் போட்டு, உங்கம்மா வண்டியைக் கொண்டுபோய்க் கம்பத்தில் சாத்திவிட்டாள் என்று சொன்னார். பையன் அம்மாவிடம் பேசினான். அந்த வண்டியின் பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த பையன்.

"விடுங்கம்மா. அப்பாவுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு? நீங்க டாக்ஸி வச்சுக்கோங்களேன்."

பழைய ஸ்டியரிங்கையே திரும்ப மாட்டச் சொல்லிக் கணவரிடம் கேட்டாள். அது இல்லை என்றார். சங்கத் தலைவரின் வண்டியும் இதே மாடலாம். அவருடைய ஸ்டியரிங்கில் விரிசலாம். கொடுத்தாயிற்று. பழைய சாமான்தானே, அதற்கு இவ்வளவு பேச்சா என்றார்.

அடுத்த மாதம் சங்கத்தில் குடும்பத்தோடு கூடும் நாள் வந்தது. நசுங்கல் தெரியாமல் பெயின்ட் அடித்து, மெருகேற்றி ஓட்டிப்போனார். புல்வெளியில் தலைவரின் வண்டி பக்கத்திலேயே நின்றது. கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். அவள் கை வழுவழுப்பாக்கிய ஸ்டியரிங் அதில் இருந்தது. தலைவரின் மனைவி நல்ல மாதிரி. அவளே நாற்காலி இழுத்துப் போட்டு, காபியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மாமனார் வாங்கின வண்டியாமே. அவர் மடியில உக்காந்துதான் சார் ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கிட்டாராம். போன கூட்டத்துல அதைச் சொல்றப்போ எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு."

டாக்டரம்மா காபியைக் கீழே வைத்தாள். அவள் மாமனார் குமாஸ்தா; வாழ்நாள் முழுக்க சைக்கிளைத் தாண்டாதவர். மடியில் உட்கார்ந்தது அவள். ஸ்டூடியோவின் மருந்து வாடை அடிக்கும் அப்பாவின் கைகள் மேல் தன் கைகளை வைத்து ஓட்டியது அவள். கல்யாணமான புதிதில் அதைக் கணவரிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ம், ம் என்று மட்டும் சொன்னார். காதில் விழவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். ஒரு சொல் விடாமல் விழுந்திருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் கணவர் யாரிடமோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைவரின் மனைவி பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஆமா," என்றாள் டாக்டரம்மா.

அந்த ஆமா அவளை விடவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதும், சாதம் பிசையும்போதும் அது வாயில் கசந்தது. அவர் சொன்ன பொய்யைவிடத் தான் போட்ட ஆமாவை அவளால் தாங்க முடியவில்லை. கணவரிடம் கேட்டாள். மேடையில் நாலு வார்த்தை சுவையாகப் பேசவேண்டாமா, இதிலெல்லாம் உன்னது என்னது என்று பார்க்கலாமா என்றார். மறுநாள் தலைவருக்கு போன் செய்து, வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். ஒரே மாடலில் ஜோடி வண்டி என்றதும் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

தலைவர் வந்து நடு ஹாலில் உட்கார்ந்தபோதுதான் கணவருக்கு விஷயமே தெரிந்தது. முகம் வெளுத்தது. விருந்தாளி முன்னால் சத்தம் போட முடியவில்லை. டாக்டரம்மா வண்டிப் பத்திரத்தை எடுத்துவந்து கையெழுத்துப் போட்டாள். தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரைப் படித்தார்.

"வண்டி உங்க பேர்லயா இருக்கு?"

"எங்க அப்பா வாங்கினது. அவர் மடியில உக்காந்து ஓட்டினது நான்தான்."

எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்த தைரியமெல்லாம் அந்த இரண்டு வரியில் செலவாகிவிட்டது. அவள் பேனாவை மூடி வைத்தாள். தலைவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். இனி இந்த மனுஷன் தலை குனியத்தான் வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

அவர் சிரித்தார். "மாமனாரும் அப்பா ஸ்தானம்தானே சார். நான் என்னிக்கு அவரை வேற மாதிரி நினைச்சேன்?"

"அது சரி, அது சரி," என்று தலைவரும் சிரித்தார். அதோடு அது முடிந்துபோயிற்று. இரண்டு பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். முதல் வேலையாகப் பழைய ஸ்டியரிங்கை இந்த வண்டிக்கே மாட்டிவிடப் போவதாகத் தலைவர் சொன்னார். ஒரிஜினல்தான் சார் அழகு என்று கணவர் ஆமோதித்தது சமையலறை வரைக்கும் கேட்டது.

பத்து நாள் போல அவர் அவளோடு பேசவில்லை. அப்புறம் அவரைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள், பேச ஆரம்பித்துவிட்டார். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவர் அந்த வண்டியிலேயே வந்து ஹார்ன் அடிக்கிறார். கணவர் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறிக்கொள்கிறார். முதல் தடவை வந்தபோது, பின்சீட் காலிதானே, நீங்களும் வாருங்களேன் என்று தலைவர் மரியாதையாகக் கூப்பிட்டார். அக்காவுக்கு இன்னும் கால் கட்டுப் பிரிக்கவில்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பஸ்ஸில் கூட்டம். வலது கையைத் தூக்க முடியாததால் இடது கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.